நடித்தவர்களும் வாழ்ந்தவர்களும்

அன்புள்ள ஐயா,

ஒன்றரை மாதமாக இரவுகளில் உட்கார்ந்து, பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதை வணிகத்தையும் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி வயர்' பார்த்து முடித்தேன். முடித்த கையோடு அதில் நடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடாமல் இருந்திருக்கலாம். போதை வணிகர்களைக் கொள்ளையடிக்கும் ஓமராக வந்தவர் இறந்துவிட்டார். போலீஸ் லெப்டினன்ட் டேனியல்ஸாக வந்தவரும் இறந்துவிட்டார். போதை வணிகன் ஸ்ட்ரிங்கர் பெல்லாக வந்தவர் இன்று உலகம் அறிந்த நட்சத்திரம். முதல் சீசனிலேயே சுட்டுக் கொல்லப்படும் சிறுவன் வாலஸ் இன்று ஹாலிவுட்டின் முன்வரிசையில் இருக்கிறான். ஆனால் போதைக்கு அடிமையான பப்பிள்ஸாக வந்த மனிதர் நடிக்கவேயில்லை, வாழ்ந்திருந்தார். அவர் பெயர் என் நண்பர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. கொலைகாரி ஸ்னூப்பாக வந்த பெண்ணும் அப்படித்தான்.

ஒரே தொடர், ஒரே எழுத்து, ஒரே தெரு. பிறகு ஏன் சிலருக்கு மட்டும் ஏணி கிடைத்தது, மற்றவர்கள் தரையிலேயே நின்றுவிட்டார்கள்? எல்லாம் அதிர்ஷ்டம்தானா? இறந்தவர்களைத் திரையில் மறுபடி பார்க்க மனம் வரவில்லை. இருந்தாலும் தொடரை இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்றும் இருக்கிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'நடிக்கவேயில்லை, வாழ்ந்திருந்தார்.' நடிகரைப் பாராட்ட நம்மிடம் இதைவிடப் பெரிய சொல் கிடையாது. நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நடிகரின் பிழைப்பில் மண்ணைப் போட இதைவிட நல்ல பாராட்டும் இல்லை என்று இந்தத் தொடரின் நடிகர்களைப் பின்தொடர்ந்த பிறகு எனக்குத் தோன்றியிருக்கிறது. அதிர்ஷ்டத்தை மறுக்கமாட்டேன். ஆனால் அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடும்.

(தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யார் யார் சாகிறார்கள் என்றெல்லாம் சொல்லப்போகிறேன்.)

2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை, 5 சீசன்களாக 60 அத்தியாயங்கள் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்தன. உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் சன் நாளிதழில் போலீஸ் செய்திகளை எழுதியவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். இருவரும் அறிந்த தெருவை அப்படியே திரைக்குக் கொண்டுவர விரும்பினார்கள். அதனால் பெரும்பாலும் பார்வையாளருக்குப் பழகாத முகங்களே வந்தன. சிலர் பெரிய நாடகப் பள்ளிகளில் பயின்றவர்கள். சிலர் பால்டிமோர் மேடைக்காரர்கள். சிலர் நடிப்பையே அறியாதவர்கள். எல்லோரும் ஒரே தெருவின் ஆட்களாகத் தெரிந்தார்கள் என்பதுதான் அதன் வெற்றி. பரிசு கொடுப்பவர்களின் கண்ணில் அந்த வெற்றி எப்படிப் பட்டது என்று பாருங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்கு அந்தத் தொடர் இரண்டே முறை பரிந்துரைக்கப்பட்டது. இரண்டும் எழுத்துக்காக. ஒரு நடிகர்கூடப் பரிந்துரையில் இல்லை. நடிப்பு கண்ணில் பட்டால்தானே பரிசு!

இப்போது ஏணியில் ஏறியவர்களுக்கு வருகிறேன். ஸ்ட்ரிங்கர் பெல்லாக வந்த இட்ரிஸ் எல்பா லண்டனின் ஹாக்னியில் பிறந்தவர். ஆங்கிலேயர் என்பதை மறைத்துக்கொண்டு, அமெரிக்க உச்சரிப்பிலேயே பேசி நடிகர் தேர்வைக் கடந்தவர். துப்பறிவாளர் மக்நல்டியாக வந்த டொமினிக் வெஸ்ட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து, மேட்டுக்குடியினர் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்தவர். அவர் தேர்வுக்கு அனுப்பிய காணொளி ஒரு நல்ல வேடிக்கை. எதிர்வசனம் பேச ஆள் இல்லாததால், தன் வசனத்தைச் சொல்வதும், வெறும் மௌனத்துக்கு முகபாவம் காட்டுவதுமாகப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். சைமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இவர்கள் இருவருக்கும் தொடருக்கு வெளியே ஒரு பெரிய வசதி இருந்தது: வாயைத் திறந்தாலே போதும். ஒரு பேட்டியில் ஸ்ட்ரிங்கர் பெல் லண்டன் உச்சரிப்பில் பேசக் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். 'அடடா, இவ்வளவு நாளும் நடித்துக்கொண்டிருந்தாரா!' அந்தத் திடுக்கிடல்தான் மூலதனம். 2004ஆம் ஆண்டு, மூன்றாம் சீசன் முடியும் தறுவாயில் ஸ்ட்ரிங்கர் பெல் கொல்லப்படுகிறார். 2010இல் எல்பா 'லூதர்' தொடரில் லண்டன் போலீஸ்காரராக வருகிறார், 2013இல் மண்டேலாவாக. வெஸ்ட் 2011இல் ஒரு தொடர்கொலைகாரனாக நடித்து பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கினார். பிறகு பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் கடைசி இரண்டு சீசன்களில் இளவரசர் சார்லஸாக வந்தார். பால்டிமோர் பின்தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடிய போலீஸ்காரர் எப்படி அரண்மனைக்குள் போனார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் நடிகர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பப்பிள்ஸாக வந்த ஆண்ட்ரே ராயோவுக்கு இந்த வசதி இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். படப்பிடிப்பின்போது ஒப்பனையோடு தெருவில் நின்ற அவரை நிஜமான போதை அடிமை என்று நினைத்த ஒருவர், 'எனக்கு வேண்டியதைவிட உனக்கு இது அதிகம் வேண்டும்' என்ற இரக்கத்தோடு ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாராம். தனக்குக் கிடைத்த 'தெரு ஆஸ்கர்' என்று ராயோ அதைச் சொல்வார். அவர் இன்றும் நடிக்கிறார், நன்றாகவே நடிக்கிறார். ஆனால் மக்கள் நினைவில் நிற்பது பப்பிள்ஸ்தான். அவர் கலையின் உச்சம் அவரையே மறைத்துவிட்டது.

'வாழ்வது' நடிப்பாகிவிடாது என்பதற்கு அந்தத் தொடருக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. கொலைப்பிரிவு சார்ஜென்ட்டின் பெயர் ஜே லேண்ட்ஸ்மன். அந்தப் பெயரில் பால்டிமோர் போலீஸில் நிஜமான துப்பறிவாளர் ஒருவர் இருந்தார். அவர் தன் பெயர்கொண்ட அந்தப் பாத்திரத்துக்கே தேர்வுக்குப் போனார். தேறவில்லை! டிலேனி வில்லியம்ஸ் என்ற நடிகருக்கு அது போயிற்று. நிஜ லேண்ட்ஸ்மனுக்கு மெல்லோ என்ற வேறொரு போலீஸ் அதிகாரியின் வேடம் கொடுத்தார்கள். 1980களில் எட் பர்ன்ஸ் கைதுசெய்த போதை வணிகர் மெல்வின் வில்லியம்ஸ் தொடரில் தேவாலய ஊழியராக வருகிறார், பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்து துப்பறியும் தொடர்களில் இத்தனை விசித்திரமான நடிகர் பட்டியல் வேறு கிடையாது.

ஸ்னூப்பின் கதை இன்னும் கடுமையானது. ஃபெலிசியா பியர்சன் கிழக்கு பால்டிமோர் பெண். 14 வயதில் செய்த கொலைக்காகச் சிறை சென்று 2000த்தில் வெளியே வந்தவர். ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் ஓர் இரவு விடுதியில் அவரைக் கண்டு, படப்பிடிப்புக்கு அழைத்துப்போனார். பாத்திரத்துக்கும் அவருடைய பெயரையே வைத்தார்கள். இதில்தான் எனக்குச் சங்கடம். 'அப்படியே இருந்தாள்' என்று உலகமே பாராட்டியது. ஆனால் கேமரா முன்னால் ஒரே வரியைப் பத்துமுறை ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்வது 'அப்படியே இருப்பது' அல்ல. அந்த உழைப்பை நாம் எடுத்துக்கொண்டு, அவருடைய சிறைக்கதையை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். 2011இல் ஒரு பெரிய போதை வழக்கில் கைதானபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே வந்தார். செய்தித் தலைப்புகள் அவரைத் தொடரின் பெயரோடு சேர்த்தே எழுதின. பிறகும் படங்களில் வந்தார். கதவு திறந்தது, கொஞ்சம் மட்டும்.

அடுத்தது மைக்கேல் கே. வில்லியம்ஸ். இவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

புரூக்ளினில் வளர்ந்தவர். நடிகராகும் முன் நடனக்காரர். மடோனா, ஜார்ஜ் மைக்கேல் போன்றவர்களுக்குப் பின்னால் ஆடியவர். 25ஆவது பிறந்தநாள் இரவில் நடந்த சண்டையில் சவரக்கத்தியால் முகத்தைக் கிழித்தார்கள். நெற்றியிலிருந்து கன்னம்வரை இறங்கும் அந்தத் தழும்புதான் பிறகு அவருக்கு வேடங்களைக் கொண்டுவந்தது, எல்லாம் முரடர் வேடங்கள். ஆனால் ஓமரைக் கூர்ந்து பாருங்கள். துப்பாக்கியோடு தெருவில் வரும்போது அந்த நடையில் இருப்பது முரட்டுத்தனம் அல்ல, தாளம். நடனக்காரரின் கால்கள் அவை. தாக்கப்பட்ட முகமும் பயிற்சிபெற்ற உடலுமாக அவர் செதுக்கிய பாத்திரம் அது. ஆனால் தெருவில் பார்த்தவர்கள் 'ஓமர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் மயங்கித் திரும்பினார். அந்த ஆண்டுகளில் தான் போதைப் பழக்கத்தில் இருந்ததையும், ஓமருக்குள் ஒளிந்துகொண்டதையும் பின்னாளில் அவரே மறைக்காமல் பேசினார்.

அவருக்கு ஏணி கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. 'போர்ட்வாக் எம்பயர்' தொடரில் சாக்கி வைட்டாக வந்தார். ஐந்து முறை எம்மி பரிந்துரை பெற்றார். ஐந்தாவது பரிந்துரை நிலுவையில் இருக்கும்போதே, 2021 செப்டம்பர் 6 அன்று, நியூயார்க்கில் தன் வீட்டில் போதைமருந்தால் இறந்துபோனார். வயது 54. இரண்டு வாரத்தில் விருது விழா. விருது 'தி கிரவுன்' தொடரில் இளவரசர் பிலிப்பாக நடித்தவருக்குப் போயிற்று. குறை சொல்லவில்லை, அவரும் நல்ல நடிகர்தான். ஆனால் ஓர் ஆங்கிலேயர் இளவரசராக வந்தால் அது நடிப்பு, தழும்புள்ள மனிதர் தெருக்காரராக வந்தால் அது வாழ்க்கை என்ற கணக்கு எனக்கு உறுத்துகிறது.

இங்கே என் வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். வாலஸ். அந்தச் சிறுவனை 'வாழ்ந்தான்' என்று சொல்லாதவர் யார்? அவன் சாகும் காட்சியைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அப்போது வாலஸாக நடித்த மைக்கேல் பி. ஜோர்டனுக்கு வயது 15. இருந்தும் அவர் 2013இல் 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்', 2015இல் 'கிரீட்' என்று ஏறினார், 2023இல் 'கிரீட் 3' படத்தைத் தானே இயக்கினார். எப்படித் தப்பினார்? எனக்குத் தோன்றுவது, சிறுவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள். ஓமரின் தழும்பு ஓமரைவிட்டுப் போகாது. வாலஸின் முகமோ சில ஆண்டுகளில் காணாமல் போய்விட்டது. முதல் சீசனிலேயே கொன்றது ஒரு வகையில் அவருக்குச் செய்த உபகாரம்.

டேனியல்ஸாக வந்த லான்ஸ் ரெட்டிக் இன்னொரு வகை. பால்டிமோரிலேயே பிறந்தவர். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் படித்துவிட்டு, பிறகு யேல் நாடகப் பள்ளிக்குப் போனவர். இசைக்காரரான அவரைத் திரை கடைசிவரை நிமிர்ந்த முதுகாகவே பயன்படுத்தியது. 'ஃபிரின்ஜ்' தொடரில் அதிகாரி, 'பாஷ்' தொடரில் உயர் போலீஸ் அதிகாரி, 'ஜான் விக்' படங்களில் கறாரான விடுதி ஊழியர். வேலைக்குக் குறைவில்லை, வகைக்குத்தான் குறைவு. 2023 மார்ச் 17 அன்று 60 வயதில் இறந்தார். அடுத்த வாரம் நான்காவது 'ஜான் விக்' வெளியானது.

ஏணி என்ற உங்கள் உவமையோடு எனக்குச் சண்டை உண்டு. மேடை என்று இன்னொரு வீடு வைத்திருந்தவர்கள் ஏணியைத் தேடவேயில்லை. துப்பறிவாளர் பங்க்காக வந்த வெண்டெல் பியர்ஸ் 2022இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில், ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் நாயகன் வில்லி லோமனாக நின்றார். அங்கே அந்த வேடம் ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். துப்பறிவாளர் லெஸ்டராக, பொம்மை மேசை நாற்காலி செதுக்கிக்கொண்டிருந்த கிளார்க் பீட்டர்ஸ் 2011இல் ஷெஃபீல்டில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தபோது, அவனைச் சூழ்ச்சியால் கெடுக்கும் இயாகோவாக எதிரே நின்றவர் டொமினிக் வெஸ்ட். மக்நல்டி லெஸ்டரின் காதில் நஞ்சு ஊற்றும் காட்சியை நேரில் பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

பெண் துப்பறிவாளர் கீமாவாக வந்த சோன்யா சோன் 2009இல் பால்டிமோரிலேயே இளைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2015இல் போலீஸ் காவலில் காயமடைந்து இறந்த ஃபிரெடி கிரேயின் மரணத்துக்குப் பிறகான நகரத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அந்தத் தொடரில் போலீஸ்காரியாக நடித்தவர் எடுத்த படம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். போதை வணிகர் 'ப்ராப் ஜோ'வாக வந்த ராபர்ட் எஃப். சூ பால்டிமோர் மேடைக்காரர். அங்கே சிறுவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர். நான்காம் சீசனின் பள்ளிப் பையன்களைப் பார்த்து 'இந்தப் பிள்ளைகள் நடிக்கவேயில்லையே' என்று வியந்திருப்பீர்கள். அவர்களைத் தயார்செய்ததில் இவர் பங்கு உண்டு. 2013 ஜனவரியில் 52 வயதில் போய்விட்டார். இவரை ஏணியின் எந்தப் படியில் வைப்பீர்கள்?

மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள். முதல் சீசனின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சதுரங்கக் காட்சி வரும். குடியிருப்பு முற்றத்தில் உட்கார்ந்து, அங்கே போதைப் பொருள் விற்கும் பையன்களின் தலைவன் டி'ஏஞ்சலோ இரண்டு பையன்களுக்கு ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுப்பான். இப்போது பார்ப்பவர்கள் எல்லோருடைய கண்ணும் கேட்டுக்கொண்டிருக்கும் வாலஸிடம் போய்விடுகிறது, அவன் பின்னால் யாராகப் போகிறான் என்பது தெரியுமே. என் கண்ணும் அங்கேதான் போயிற்று. ஆனால் காட்சியைத் தாங்குபவர் டி'ஏஞ்சலோவாகப் பேசிக்கொண்டிருக்கும் லேரி கில்லியார்ட். பால்டிமோரில் வளர்ந்து, ஜூலியார்ட் இசைப்பள்ளியில் கிளாரினெட் வாத்தியம் படித்தவர். ஒவ்வொரு காயையும் எடுத்துக் காட்டும்போது அந்தக் கையின் வேகத்தையும், நடுவில் விடும் இடைவெளியையும் கவனியுங்கள். இந்தமுறை அவரைப் பாருங்கள்.