சர்வதேசக் கால்பந்தில் வி.ஏ.ஆர். நியாயமானதா, ஆட்டத்தைக் கெடுக்கிறதா?

வி.ஏ.ஆர்., அதாவது ஆட்டத்தை வீடியோவில் திரும்பப் பார்த்து நடுவரின் தவறைத் திருத்தும் முறை, நியாயமானதுதான். ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதற்காக அதைத் தூக்கிப் போடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கோட்டோரம் கொடி பிடித்து நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் 2024 யூரோவை, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையைப் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டில் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் அடித்த கோல், சக ஆட்டக்காரர் டெலேனியின் கால் விரல் நுனி ஆஃப்சைடில் (பாஸ் கொடுக்கும் நொடியில் கீப்பர் போக எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நிற்பது) இருந்தது என்று ரத்தானது. சில நிமிடங்களிலேயே அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியது என்று மறுபக்கம் பெனால்டி. பந்துக்குள் இருந்த சென்சார் அந்த உரசலைக் காட்டிக்கொடுத்தது, டிவியில் ஈ.சி.ஜி. மாதிரி ஒரு கோடு துள்ளியது. ஜெர்மனியின் ஹாவெர்ட்ஸ் அடித்தார், டென்மார்க் 2-0 என்று தோற்று ஊருக்குப் போனது. அதே தொடரில் பெல்ஜியத்தின் லுகாகு அடித்த மூன்று கோல் ரத்தானது. எனக்கும் வயிறு எரிந்தது. மறுக்கவில்லை.

அந்த விரல் நுனி விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2018ல் விதிப்புத்தகத்தில் சேர்த்தபோதே வி.ஏ.ஆர். நான்கு விஷயங்களில்தான் தலையிடலாம் என்று கட்டிவைத்தார்கள்: கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்துவிடுவது. பெனால்டி மாதிரி ஆளுக்கு ஆள் பார்வை மாறும் இடத்தில், நடுவர் கண்கூடாகத் தவறியிருந்தால் மட்டுமே வீடியோ அறையில் இருப்பவர் கூப்பிட வேண்டும். ஆஃப்சைடுக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்னால் இருக்கிறாரா இல்லையா, அவ்வளவுதான். அதனால்தான் விரல் வரை போகிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணக்கெடுத்தன. நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிற ஒருவர், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். இதை வைத்து விரல் அளவுக்குத் தீர்ப்பு சொல்லலாமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம் உண்டு. கொஞ்சம் இடம் விட்டு, கோல் அடிக்கிறவர் பக்கம் சாய்த்துக் கொடுக்கலாம் என்பேன். நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிரப்பிவிடும் என்று விளக்க வருகிறவர்கள் வர வேண்டாம். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆனால் வி.ஏ.ஆர். வேண்டுமா வேண்டாமா என்பதை விரல் நுனியை வைத்து முடிவு செய்யக்கூடாது. என் கதையைச் சொல்கிறேன்.

நான் வடசென்னை வியாசர்பாடி, ஜீவா ஸ்டேஷன் பக்கம். உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் ஏறுகிற இடம். நான் லெஃப்ட் பேக் ஆடிக்கொண்டிருந்தேன். 26 வயதில் முட்டி போனது. கிரவுண்டை விட்டுப் போக மனசு வரவில்லை, அதனால் ஏரியா டோர்னமென்ட்டுகளில் லைன்மேனாக நிற்க ஆரம்பித்தேன். விதிகளை ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் சொன்னதில் முதல் விஷயம், பார்க்காததைப் பார்த்ததாகக் கொடி காட்டாதே என்பது.

2011 மே மாதம், ஒரு இறுதி ஆட்டம். புல் கிடையாது, மண்ணும் செங்கல் தூளும்தான். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு சாயங்காலத்துக்குள் பாதி அழிந்திருந்தது. கோல் இல்லாமல் கடைசி ஐந்து நிமிடம். ஒரு விங்கர் என் பக்கமாகவே பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். நானும் கூடவே ஓடினேன், ஆனால் என் முட்டி அவன் வேகத்துக்கு வரவில்லை. பதினைந்து அடி பின்தங்கிவிட்டேன். கோல் லைன் கிட்ட பந்து போனபோது எனக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு டிஃபென்டரின் இரண்டு காலும் இருந்தன. விங்கர் உள்ளங்காலால் பந்தை உள்ளே இழுத்து, போஸ்ட் பக்கம் தள்ளினான். கீப்பர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். பந்து வெளியே போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும்; அவன் நேர் எதிரில் பார்த்தவன். பக்கத்தில் இருந்த இரண்டு பேக்குகளும் நின்றுவிட்டார்கள். வந்த ஸ்ட்ரைக்கர் சும்மா தட்டிவிட்டான்.

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, அதனால் கொடி கீழேயே இருந்தது. அவர் கோல் என்று விசில் அடித்தார்.

விதிப்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் அதே இடத்தில் நின்றால் அதையேதான் செய்வேன். ஆனால் அன்று இரவு டீக்கடையில் ஒரு பையன், சுவர் மேல் உட்கார்ந்து நோக்கியா போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். கலங்கலான வீடியோதான். வெளியே போன பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் மண் தெரிந்தது. ஒரு சாண். விரல் நுனி கதையே இல்லை.

டோர்னமென்ட் நடத்தியவர்களிடம் போனேன். ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான் என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆட்டம் முடிந்து நடுவர் வெளியேறிய பிறகு கோலை மாற்ற விதியில் இடமில்லை. கோப்பை போய்விட்டது, பரிசுப் பணத்தையும் பிரித்துவிட்டார்கள். மறுநாள் அந்தக் கீப்பர் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு 17 வயது. அவன் அம்மா, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், "கொடி வரும்னு நின்னுட்டேன்ணா" என்றான். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கொடி வரும் என்று நம்பி நின்றிருக்கிறான். நம்பாமல் பாய்ந்திருந்தால் அந்தப் பந்தைப் பிடித்திருப்பான், அவ்வளவு நல்ல கீப்பர். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவன் என்னோடு பேசவில்லை.

இப்போது 2024 ஜூன் 11. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, தோஹாவில் இந்தியா கத்தாரோடு ஆடியது. சேத்ரி ஓய்வு பெற்று ஐந்து நாள் ஆகியிருந்தது. உலகக் கோப்பைக்குத் திரை கட்டுகிற எங்கள் தெருவில் இந்தியா ஆடினால் யாரும் திரை கட்டுவதில்லை, அதனால் போனில்தான் பார்த்தேன். 37வது நிமிடத்தில் நம் சாங்டே கோல் அடித்தார். அப்படியே முடிந்திருந்தால் இந்தியா இதுவரை எட்டாத மூன்றாம் சுற்று. 73வது நிமிடத்தில் கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை நம் கீப்பர் குர்பிரீத் தடுத்தார், பந்து அவரைத் தாண்டிக் கோல் லைனுக்கு வெளியே உருண்டது. கத்தாரின் ஹஷ்மி ஹுசைன் அதைக் காலால் உள்ளே இழுத்தார். நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அய்மன் தட்டிவிட்டார். நடுவர் உதவி நடுவரிடம் கேட்டார், பேசினார், கோல் என்றார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. 85வது நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம்.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. பந்து போன இடம், இழுத்த விதம், கீப்பர் பக்கத்தில் நின்றுவிட்ட பேக்குகள், எல்லாம் அதே. நாடே அந்த உதவி நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. என் போன் அடித்தது. அந்தக் கீப்பர். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "பாத்தீங்களாண்ணா, நின்னுட்டாங்க" என்றான்.

கருத்துப் பகுதிக்கு வந்து, ஆப்கானிஸ்தானிடம் குவாஹாட்டியில், சொந்த மண்ணில் 2-1 என்று தோற்ற அணி மூன்றாம் சுற்றுக்குப் போய் என்ன கிழித்திருக்கும் என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். அந்தத் தோல்வி நம் தோல்வி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அடித்த கோலுக்கு அது பதில் ஆகாது. விசில் அடிக்கும் வரை ஆட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கே சொல்லித்தருவார்களே என்பீர்கள். சரி, நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் அதன் அர்த்தம் என்ன? விதியை நம்பி நிற்கிறவன் ஏமாந்தவன், நம்பாதவன் பிழைப்பான் என்பதுதானே. பின்னால் ஒரு வீடியோ இருக்கிறது என்றால் நம்பி நின்றவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. எனக்கு வி.ஏ.ஆர். என்றால் அதுதான்.

நடுவர்களுக்கும் அது வழிதான், இதை யாரும் பேசுவதில்லை. 1986ல் மரடோனா கையால் போட்ட கோலுக்கு ரெஃப்ரி துனிசியாவின் அலி பின் நாசர். அவர் லைன்மேனைப் பார்த்தார், பல்கேரியாவின் போக்டான் டோச்சேவ் கொடி காட்டவில்லை. டோச்சேவ் 2017ல் இறந்தபோதும் அந்தக் கோலை வைத்துத்தான் அவரை நினைத்துப் பார்த்தார்கள். 2010ல் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே குத்தியதை ஸ்டேடியமே பார்த்தது, தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் மட்டும் பார்க்கவில்லை. ஒரு வாழ்நாள் வேலையை ஒரு நொடியில் தூக்கிப் போட்டுவிடும் கோல் அது. பதினைந்து அடி பின்னால் நின்ற எனக்கே இவ்வளவு கனம் என்றால், அவர்களுக்கு?

வி.ஏ.ஆர். அநியாயம் என்று நான் சொல்வது ஒரே இடத்தில்தான். எல்லாருக்கும் அது இல்லை. அதே உலகக் கோப்பை, பெரிய நாடுகள் ஆடும் கட்டத்தில் கூரைக்கு அடியில் கேமராக்கள், பந்துக்குள் சென்சார். ஆசியாவின் இரண்டாம் சுற்றில் ஒரு லைன்மேனின் இரண்டு கண். 2009ல் பிரான்சின் ஹென்றி கையால் பந்தைத் தட்டிக்கொடுத்து அயர்லாந்தை வெளியேற்றியதும் தகுதிச் சுற்றில்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்களின் விரல் நுனியை அளக்கிறார்கள், அங்கே வர முடியாமல் வாசலிலேயே நின்றவர்களின் ஒரு சாணை அளக்க ஆள் இல்லை.

இது எனக்குப் பழகிய விஷயம்தான். உலகக் கோப்பை வரும்போதெல்லாம் மைக்கோடு வருவார்கள், சுவரில் வரைந்த படத்தை எடுப்பார்கள், குட்டி பிரேசில் என்பார்கள். கிரவுண்டில் கோடு இருக்கிறதா, வலை இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சினிமா எடுத்தால் எங்கள் ஊர்க்காரன் கையில் கத்தி. மூன்று வருடம் முன்னால் பைக் கடனுக்கு ஒரு இடத்தில் எழுதிப்போட்டேன். சம்பளச் சீட்டு, ஆதார் எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பின்கோடைப் பார்த்ததும் மேனேஜரிடம் போய்விட்டு வந்து கிடையாது என்றார். காரணம் சொல்லவில்லை. நான் ஒரு தவணைகூடத் தவறவிடாதவன். அதையும் யாராவது திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம். மன்னிக்கவும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காசு இல்லாத நாடுகளுக்கு ஒரு வழி பார்க்கிறார்கள். 2024ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்தார்கள். தனி வீடியோ நடுவர் கிடையாது. கோச் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முறை திருப்பிப் பார்க்கக் கேட்கலாம், ரெஃப்ரியே கோட்டோரம் இருக்கும் திரையில் பார்த்துச் சொல்வார். கேமரா குறைவு, செலவு குறைவு. தகுதிச் சுற்றுகளில் இதையாவது வைக்க வேண்டும்.

போன வருடம் எங்கள் டோர்னமென்ட்டில் நாங்களே அப்படி ஒன்று செய்து பார்த்தோம். இரண்டு கோல் லைன் பக்கமும் ஸ்டாண்டில் ஒவ்வொரு போன். அணிக்கு ஒரு முறை கேட்கலாம். கீப்பர் என்று சொன்னேனே, அவன் இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், காலையில் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஒரு போனுக்கு அவன் பொறுப்பு. அரையிறுதியில் அவன் பசங்களுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. பந்து முன்னாலேயே வெளியே போனது என்று பசங்க கத்தினார்கள், கேட்டார்கள். ரெஃப்ரி ஓடி வந்தார், நானும் கொடியோடு போனேன். நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். குறுக்கே ஒரு பையனின் கால். பந்து தெரிகிறது, கோடு தெரியவில்லை. மூன்று தடவை ஓட்டினோம். பசங்க எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல தெரியலண்ணா," என்றான் என்னிடம். "கோல்னே குடுத்துடுங்க."