கட்டி நீரில் சி.இ.ஏ. 640, செல் பரிசோதனையில் லோ க்ரேட்: எதை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் கட்டி 3.1 செ.மீ., கணையத்தின் கிளைக்குழாயோடு தொடர்பு இருக்கிறது, முதன்மைக் குழாய் 3 மி.மீ., கட்டிக்குள் சதைத் திரட்சி இல்லை என்று வந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் சி.இ.ஏ. 640, சர்க்கரை 14. ஆனால் செல் பரிசோதனையில் 'லோ க்ரேட்' என்கிறார்கள். சி.இ.ஏ. 5-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று படித்தேன். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். எதை நம்புவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 640. சி.இ.ஏ. என்பது புற்றுநோய்ச் சந்தேகத்தில் அளந்து பார்க்கும் ஒரு புரதம். நீங்கள் படித்த 5 என்ற வரம்பு ரத்தத்துக்கு உரியது. பல லேப்களில் கம்ப்யூட்டர் அதே வரம்பைக் கட்டி நீர் ரிப்போர்ட்டிலும் அச்சடித்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை' என்று வேறு போட்டுவிடும். பார்த்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும். கட்டி நீருக்குக் கணக்கே வேறு. மில்லிக்கு 192 நானோகிராமைத் தாண்டினால் அது பெரும்பாலும் சளி சுரக்கும் வகைக் கட்டி என்று எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். 640 ஆனாலும் 6,000 ஆனாலும், கட்டி புற்றுநோயாக மாறியிருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. சர்க்கரை 50-க்குக் கீழே இருப்பதும் அதே வகையைத்தான் காட்டுகிறது. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரிலேயே இதைப் பார்த்துவிடலாம்; சி.இ.ஏ.வை விட இந்தச் சர்க்கரையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஆக, என்ன வகைக் கட்டி என்பதற்கு நீரே பதில் சொல்லிவிட்டது. கிளைக்குழாயோடு தொடர்பும் இருப்பதால் இது கணையக் குழாய்க்குள் வளர்ந்து சளி சுரக்கும், ஐ.பி.எம்.என். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கட்டியாகத்தான் இருக்க வேண்டும். கணைய அழற்சிக்குப் பிறகு தேங்கி நின்று தானாக வற்றும் நீர் இல்லை இது. அதற்காகப் புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை. ஆனால் இதன் உட்சுவர்ச் செல்கள் படிப்படியாக மாறி ஒரு நாள் புற்றுநோயாகக்கூடியவை. உங்கள் அம்மாவின் கட்டி எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிய, செல்லைப் பார்த்தே ஆக வேண்டும். மாற்றம் குறைவாக இருந்தால் லோ க்ரேட், புற்றுநோயை நெருங்கியிருந்தால் ஹை க்ரேட் என்போம்.

அங்கேதான் சிக்கல். இந்த நீரில் செல்கள் மிகக் குறைவு. இருப்பவையும் பாதி சிதைந்து போயிருக்கும். தலைப்பகுதிக் கட்டிக்கு ஊசி பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம் வழியாகத்தான் போகும். போகிற வழியில் அங்குள்ள செல்களையும் சளியையும் சேர்த்தே அள்ளி வரும். ஸ்லைடில் தேன்கூடு போல ஒழுங்காக அடுக்கிக் கிடக்கும் செல்கள், நடுநடுவே கோப்பை வடிவச் செல்கள் என்றிருந்தால் அது குடலுடையது. இது தெரியாமல் அதையும் கட்டியின் கணக்கில் எழுதிவிட்டால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும். ஆனால் அதே குடல் செல்லால் எங்களுக்கு ஒரு உபகாரமும் உண்டு. அது ஏறத்தாழ 12 மைக்ரான். ஹை க்ரேட் செல் அதைவிடச் சிறியதாக இருக்கும். கெட்ட செல் என்றால் பெரிதாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள்; இங்கே நேர்மாறு. அந்தச் சின்னச் செல்லை உட்கரு ஏறக்குறைய முழுதாக அடைத்திருக்கும், உட்கருவின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும், சுற்றிலும் செத்த செல்களின் குப்பை கிடக்கும். இவை எதுவும் தென்படாமல் கெட்டியான சளியும் சாதுவான சில செல்களும் மட்டும் இருந்தால் லோ க்ரேட் என்று எழுதுவோம்.

முன்பு இடைநிலை க்ரேட் என்று ஒன்றும் இருந்தது. 2015-ல் வெளியான, நிபுணர் குழு ஒன்றின் பால்டிமோர் பரிந்துரைகள் அதை லோ க்ரேடில் சேர்த்து இரண்டே படியாக்கின. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 ரிப்போர்ட் முறையிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி வகை உண்டு. 2014-ல் வந்த பழைய முறையில் இரண்டும் ஒரே தலைப்பில் இருந்ததால், லேபுக்கு லேப் வாசகம் மாறினால் குழம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹை க்ரேட் அல்லது புற்றுநோய் என்று அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் எழுதினால் பெரும்பாலும் நம்பலாம். லோ க்ரேட் என்றால், ஊசியில் வந்த செல்கள் வரையில் லோ க்ரேட் என்று அர்த்தம். ஊசி தொடாத மூலையில் வேறு ஏதாவது இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டியது எம்.ஆர்.ஐ.யும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும்தான். இவ்வகைக் கட்டிகளுக்கான சர்வதேச வழிகாட்டியான 2024 கியோட்டோ வழிகாட்டி ஆபரேஷன் பக்கம் அழுத்தமாகத் தள்ளும் அறிகுறிகளாகச் சொல்பவை: கட்டியால் வந்த மஞ்சள் காமாலை, மருந்து ஏற்றி எடுத்த படத்தில் ஒளிரும் 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட சதைத் திரட்சி, முதன்மைக் குழாய் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், செல் பரிசோதனையில் சந்தேகம் அல்லது புற்றுநோய். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு கவலைக் குறி: கட்டி 3 செ.மீ.யைத் தாண்டியிருப்பது.

தலைப்பகுதிக்கு ஆபரேஷன் என்றால் விப்பிள். கணையத் தலை, டியோடினம், பித்தக்குழாயின் ஒரு பகுதி, பித்தப்பை என எல்லாம் போகும். அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழேதான். ஆனால் பிற சிக்கல்கள் முப்பது நாற்பது பேருக்காவது வரும். இந்த ஒரு குறிக்காக 61 வயதில் அந்த ஆபரேஷனுக்கு நான் அவசரப்பட மாட்டேன். ஆறு மாதம் பார்க்கலாம் என்பவர் பக்கம்தான் நான். அதற்காக விட்டுவிடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு 2.5 மி.மீ. வளர்ந்தாலே மறுபடி யோசிக்க வேண்டும். இடையில் கண் மஞ்சளானாலோ, புதிதாகச் சர்க்கரை நோய் வந்தாலோ, எடை குறைந்தாலோ, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதென்றால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும், செல் பிளாக் (செல்களை மெழுகில் பதித்து வைப்பது) செய்திருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கணையச் செல்களை அடிக்கடி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் ஒருவர் அவற்றைத் தன் மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். எம்.ஆர்.ஐ. சி.டி.யும் கூடவே போகட்டும்.