படித்த தியரி வீணா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இயந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் தியரித் தேர்வுகளில் நான்தான் முதல். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. நின்றுபோன மெஷின் முன்னால் கை ஓட மாட்டேன் என்கிறது. அதிகம் படிக்காத சீனியர் பத்து நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்துவிடுகிறார். படித்ததெல்லாம் வீண்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண் இல்லை. உங்களுக்குப் பாதிதான் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

நான் சர்வீஸ் வேலைக்குப் புதிதாகப் போனபோது ஒரு 24 வோல்ட் மோட்டார் ஓடவில்லை. கனெக்டரைக் கழற்றி, சப்ளை வரும் பக்கம் மல்டிமீட்டரை வைத்தேன். 24 காட்டியது. சரி, மோட்டார்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டினேன். அதுவும் ஓடவில்லை. கூட இருந்த அண்ணன், கனெக்டரைக் கழற்றாமல் அளக்கச் சொன்னார். 3 வோல்ட்! வழியில் ஒரு டெர்மினல் பச்சை பூத்துக் கிடந்தது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம்; அதற்கு அந்தக் கெட்ட இணைப்பில் வோல்டேஜ் விழாது. மோட்டார் இழுக்கும்போதுதான் விழும். மின்னோட்டம் கூடினால் தடையில் விழும் வோல்டேஜும் கூடும் என்ற ஓம் விதிதான் இது. அதில் எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன். ஆனால் மீட்டரை எந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்பதற்கும் அந்த விதிக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் யாரும் காட்டவில்லை.

மோரிஸ், ரௌஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல், பழுது கண்டறிவது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தியரியை மட்டும் சொல்லித்தந்தால் இந்தத் திறமை வளர்வதில்லை, அதைப் பயன்படுத்தும் வழியையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும் என்று தெரிந்தது. நெதர்லாந்து கடற்படையின் டெக்னீஷியன்களை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று பிரித்துக்கொண்டு ஒழுங்காகத் தேடப் பழகியவர்கள், வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட இரண்டு மடங்கு பழுதுகளைத் தீர்த்தார்கள், அதுவும் குறைந்த நேரத்தில். அந்தப் பயிற்சிக்கே குறைவான காலம்தான் பிடித்தது.

உங்கள் சீனியர் அதே பழுதைப் பலமுறை பார்த்திருப்பார். அது பெரிய சொத்து. ஆனால் இதுவரை பார்க்காத பழுது வரும்போது அந்த அனுபவம் மட்டும் போதாது. அங்கே உங்கள் தியரி வேண்டும்.

ஒரு மெஷினை எடுத்து, சப்ளையில் தொடங்கி மோட்டார்வரை ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாக வரிசையாகக் கட்டங்கள் போடுங்கள். எட்டுக் கட்டம் வந்தால் முதலில் நடுவில் அளந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு அதற்குப் பின்னால், இல்லையென்றால் முன்னால். இப்படி ஒவ்வொரு அளவிலும் பாதி கழிந்துவிடும். மூன்றாவது அளவில் கோளாறு உள்ள கட்டம் சிக்கிவிடும். மீட்டரை வைப்பதற்கு முன்னால், அங்கே எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று எழுதிவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்லத்தான் இத்தனை நாள் படித்தீர்கள்.

அப்புறம், சீனியர் அடுத்த முறை பழுது பார்க்கும்போது, ஏன் முதலில் அந்த இடத்தில் கை வைத்தார் என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லத் தெரியாமல் அவர் யோசிக்கலாம். பொறுமையாகக் காத்திருந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்