பெட்டி கட்டுவதற்கு முன்னால்: சிஸ்டரிடம் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெளியூர் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தம்பிக்குக் கென்யாவில் வேலை. மஞ்சள் காமாலை ஊசி போடச் சொல்கிறார்கள். கீழாநெல்லி கொடுத்தால் போதாதா சிஸ்டர்?

அது காமாலை இல்லை, மஞ்சள் காய்ச்சல். வேறு நோய், கொசு பரப்புவது. கீழாநெல்லியை விட்டுவிடுங்கள். இந்த ஊசி நம் ஊர் நிலையத்தில் இருக்காது. சென்னை கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். எந்த நாளில் என்று விசாரித்துக்கொண்டு போகட்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், டிக்கெட்டுக்கு முதல் நாள் ஓடிப் பயனில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்; 2016 முதல் அப்படித்தான்.

திரும்பி வரும்போது நம் நாடும் அந்தச் சான்றிதழைக் கேட்கும். இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அந்த நோய் இங்கே இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வளவில் இருக்கும் அண்டாவிலேயே முட்டையிடுகிறதே!

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கு 2 மாதம் போகிறேன். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அங்கே என்ன செய்வது?

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண்ணிடம் இப்போதே சொல்லிவையுங்கள் ஆச்சி. மருத்துவரிடம் மருந்தின் பெயரோடு சீட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம், அட்டையோடு இருக்கட்டும். சீப்புச் சீடையும் மனகோலமும் பெரிய பெட்டியில் போகட்டும், மாத்திரை கைப்பையில்.

பழனிக்கு நடக்கிறோம். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பு) வேண்டுமா?

கடைசியாகப் போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

ஊசி, மாத்திரை, ஆலோசனை எல்லாம் காசில்லாமல் கிடைத்தது. நர்சம்மாவுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

பணம் கூடவே கூடாது. என் தாத்தா இலங்கைத் தோட்டத்துக்குப் போனபோது மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நாள்கணக்கில் அடைத்து வைத்துத்தான் கப்பல் ஏற்றினார்களாம். அவர் பேத்தி நான், வெளியூர் கிளம்புகிறவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து ஊசி போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் வந்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். எத்தனை பேர் செய்தார்கள் என்று கேட்காதீர்கள்! சரி, திரும்பி வந்து ஒரு டப்பா சீடை நீட்டினால்? எல்லோருக்குமாக மேசையில் வையுங்கள், மறுக்க மாட்டார்கள். அதற்கு நானே சாட்சி.