ஹாலோவீன் முதல் கிறிஸ்துமஸ் வரை: இரு பருவ அலங்காரங்களையும் இணைப்பது எப்படி?

நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நாங்கள் ஒரு டவுன்ஹவுஸில் வசிக்கிறோம். அக்டோபரில் பிள்ளைகளுக்காகப் பரங்கிக்காய்களும் மக்காச்சோளக் கதிர்களும் வாங்கி வைக்கிறோம். நடுவே தீபாவளி விளக்குகளும் வந்துவிடுகின்றன. நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் (நன்றியறிதல் விருந்து நாள்) முடிந்த மறுநாளே கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் கடை போலத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் பிரித்து மாற்ற நேரம் இல்லை; பெட்டிகளை அடுக்க இடமும் இல்லை. இலையுதிர்கால அலங்காரத்தையும் குளிர்கால அலங்காரத்தையும் இணைக்க வழி உண்டா? எதை எப்போது எடுக்க வேண்டும்?"

வழி உண்டு. முதலில், உங்களிடம் இருக்கும் பொருள்களை ஒரு முறை தரையில் பரப்பி வைத்து இரண்டாகப் பிரியுங்கள். பைன் கூம்புகள், கோதுமைக் கதிர்கள், உலர்ந்த ஆரஞ்சு வில்லைகள், பித்தளைக் கிண்ணங்கள், கம்பளி விரிப்புகள், மஞ்சள் ஒளி தரும் விளக்குச் சரங்கள் ஆகியவை பருவத்துக்கு உரியவை. முகம் செதுக்கிய பரங்கிக்காய், வான்கோழி பொம்மை, வாசகம் எழுதிய பலகைகள், சாண்டா பொம்மை ஆகியவை அந்தந்தப் பண்டிகைக்கு மட்டும் உரியவை. முதல் வகையை அக்டோபரில் ஒரு முறை வைத்துவிட்டு ஜனவரி வரை எடுக்காமலிருந்தால், மாற்ற வேண்டியவை ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடும். வீடு கடை போலத் தெரிவதற்குப் பொருள்களின் எண்ணிக்கை காரணமாக இருப்பது குறைவு. இரண்டாம் வகைப் பொருள்கள் இரண்டு மூன்று பண்டிகைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்து நிற்பதே பெரும்பாலும் காரணம்.

உங்கள் பிள்ளைகளின் அவசரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையைத் தேங்க்ஸ்கிவிங் நாளாக அறிவித்தார். 1939இல் அந்தக் கடைசி வியாழன் 30ஆம் தேதியில் வந்ததால், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள்கள் போதவில்லை என்ற வணிகர்களின் கோரிக்கையை ஏற்று அதிபர் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு நாள்களில் கொண்டாடின. 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழக்கிழமை என்று சட்டமாக்கிய பிறகே குழப்பம் தீர்ந்தது. ஆகவே இப்போது தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 22க்கும் 28க்கும் இடையில்தான் வரும். அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு 27 முதல் 33 நாள்கள் இருக்கும். இந்த ஆறு நாள் வித்தியாசம் மரம் வாங்கும்போது முக்கியமாகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இணைப்பைக் கெடுக்கும் நிறம் ஆரஞ்சு. பழுப்பு, துரு நிறம், செம்பு, அடர் சிவப்பு, தங்கம், கரும்பச்சை, தந்த வெள்ளை ஆகிய எல்லாம் இரு பருவங்களுக்கும் பொதுவானவை. பளிச்சென்ற ஆரஞ்சை மட்டும் கிறிஸ்துமஸ் சிவப்புக்கு அருகில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மங்கடித்து, எதுவும் எடுபடாமல் போகும். எனவே பரங்கிக்காய் வாங்கும்போதே டிசம்பரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செதுக்குவதற்கு ஒன்றோ இரண்டோ ஆரஞ்சுக் காய்கள் போதும். மற்றவை வெண்ணிற 'லூமினா', நீலச் சாம்பல் நிற 'ஜாரடேல்', உள்ளங்கை அளவுள்ள வெள்ளை 'பேபி பூ' போன்ற வகைகளாக இருக்கட்டும். பைன் கிளைக்கு அருகில் சாம்பல் நிறப் பரங்கிக்காய் வைத்துப் பாருங்கள். அது அக்டோபரின் மிச்சமாகத் தோன்றவே தோன்றாது.

செதுக்கிய காய் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவது அரிது என்பதால், நவம்பர் தொடக்கத்தில் அதைத் தயங்காமல் உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள். செதுக்காத காய் இரண்டு மூன்று மாதங்கள் நிற்கும். ஆனால் அதற்குச் சில கவனிப்புகள் தேவை. காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்குகிறது. வாங்கியதும் ஒரு பங்கு பிளீச்சைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். சிமெண்ட் படியிலோ மர மேசையிலோ நேராக வைக்காமல், அடியில் ஒரு அட்டைத் துண்டு போடுங்கள். 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பநிலை இதற்கு மிக உகந்தது. ரேடியேட்டருக்கு அருகில் வைத்தால் விரைவில் தளர்ந்துவிடும், வெளியே கடும் உறைபனியில் விட்டால் உருகும்போது கூழாகிவிடும். ஆகவே முதல் உறைபனி எச்சரிக்கை வந்தவுடன் வாசற்படியில் இருப்பவற்றை வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலைக்கு மாற்றுங்கள்.

வாசற்கதவில் மாட்டும் அலங்கார வளையம்தான் (ரீத்) உங்களுக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தப் போகிறது. திராட்சைக் கொடியால் பின்னிய வெற்று வளையம் ஒன்று வாங்குங்கள். அது பல ஆண்டுகள் வரும். அதில் எதையும் பசை வைத்து ஒட்டாதீர்கள். பூக்கடைகளில் பயன்படுத்தும் மெல்லிய பச்சைக் கம்பியை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு பொருளின் அடியிலும் சுற்றி, இரு முனைகளையும் கொடிகளுக்கு இடையே நுழைத்துப் பின்புறம் ஒரு முறுக்கு முறுக்குங்கள். அக்டோபரில் வளையத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் கோதுமைக் கதிர்களும் துரு நிற இலைகளும் இருக்கட்டும். மேற்பாதி வெறுங்கொடியாகவே இருப்பது அழகு. நவம்பர் நடுவில் நான்கைந்து பைன் கூம்புகளைச் சேருங்கள். தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் இலைகளை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் சீடர் அல்லது ஃபிர் போன்ற பசுமை மாறா மரக் கிளைகளைச் செருகுங்கள். கதிர்களும் கூம்புகளும் அசையத் தேவையில்லை. கடைசியாக ஒரு சிவப்பு ரிப்பன். கால் மணி நேர வேலை இது.

அடுத்தது வெளிச்சம், பலரும் கவனிக்கத் தவறுவது இதையே. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும், உங்கள் ஊரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு வீட்டைப் பெரும்பாலும் விளக்கொளியில்தான் பார்க்கிறார்கள். ஆகவே எல்லா விளக்குகளும் ஒரே வகை மஞ்சள் வெளிச்சம் தருபவையாக இருந்தால், பாதி இணைப்பு தானாகவே நடந்துவிடும். எல்.இ.டி. சரம் வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் கெல்வின் அளவு பெட்டியில் 2700 வாக்கில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 5000க்கு மேற்பட்டது நீலச் சாயலோடு மருத்துவமனை வெளிச்சத்தைத் தரும். தீபாவளிக்காக ஜன்னலில் கட்டும் சரத்தை இந்த வகையில் வாங்கினால், அதை அவிழ்க்காமலே ஜனவரி வரை விட்டுவைக்கலாம். பலவண்ணத்தில் மினுக்கும் சரங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றால், அவற்றை மரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

உங்கள் வீட்டுக் குத்துவிளக்கையும் அகல்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன். நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை மூன்றும் இந்தப் பருவத்துக்குள்தான் வருகின்றன; பித்தளையின் நிறமோ துரு நிறத்துக்கும் கரும்பச்சைக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்க்கிறது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: காய்ந்த இலை, கதிர், பைன் கிளை எதுவும் எரியும் சுடருக்கு ஓரடிக்குள் இருக்கக் கூடாது. அலங்கார அடுக்குக்கு நடுவே அகல் வைக்க ஆசையிருந்தால், அதில் பேட்டரி விளக்கைப் பயன்படுத்துங்கள்.

உணவு மேசைக்கு கிரான்பெர்ரியும் ஆரஞ்சும் பட்டையும் போதும். தேங்க்ஸ்கிவிங் விருந்தில் துவையல்போலப் பரிமாறும் அதே கிரான்பெர்ரிதான் கிறிஸ்துமஸ் மரத்தில் சரமாகவும் தொங்குகிறது. ஆரஞ்சுப் பழத்தைக் கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, 200 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் அவன் (oven) அடுப்பில் மூன்று நான்கு மணி நேரம், இடையிடையே திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். நவம்பரில் மரத்தட்டில் பரங்கிக்காய்களைச் சுற்றி வைத்த அவற்றையே டிசம்பரில் நூலில் கோத்து ஜன்னலில் கட்டலாம். தோட்டத்தில் பொறுக்கிய பைன் கூம்புகளையும் அதே சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் பூச்சிகள் அழிந்து, கூம்புகளும் விரியும். பிசின் கசியும் என்பதால் தட்டில் அலுமினியத் தாள் போடுங்கள், அருகிலிருந்தும் நகராதீர்கள். நவம்பர் முதல் வாரத்தில் அமரில்லிஸ் கிழங்கைத் தொட்டியில் நட்டால், ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். தேங்க்ஸ்கிவிங் மேசையில் பச்சைத் தண்டாக நிற்பது கிறிஸ்துமஸுக்குச் சிவப்புப் பூவாகிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிட நல்ல பண்டிகைப் பொருளை நான் காணவில்லை.

இனி மரம். வெட்டிய மரத்துக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் நான்கைந்து வாரம் பசுமையாக இருக்கும். தேங்க்ஸ்கிவிங் 27 அல்லது 28ஆம் தேதியில் வரும் ஆண்டில் மறுநாளே வாங்கலாம். 22 அல்லது 23இல் வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் கிறிஸ்துமஸ் அன்று ஊசி இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும். ஃபிரேசர் ஃபிர் என்ற மர வகை இலைகளை நெடுநாள் தக்கவைக்கும். அடியில் அரை அங்குலம் புதிதாக அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேவை. ஹீட்டரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். காத்திருக்கும் அந்த ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளிடம் விளக்குச் சரத்தையும் ஆரஞ்சு வில்லைகளையும் கொடுத்துவிடுங்கள்; கை ஓயாது.

சாலையோரத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் காய்த்துத் தொங்கும் கொடியைப் பார்த்து வெட்டி வர வேண்டாம். உங்கள் பகுதியில் காண்பது பெரும்பாலும் கிழக்காசியாவிலிருந்து வந்த பிட்டர்ஸ்வீட். அது உள்ளூர் மரங்களை நெரித்துக் கொல்லும் ஆக்கிரமிப்புக் கொடி. வளையத்திலிருந்து பறவைகள் அதன் விதைகளைக் கொத்திச் சென்று பரப்பும். சிவப்புக் காய் வேண்டுமென்றால், அந்த மண்ணுக்கே உரிய வின்டர்பெர்ரிக் கிளை கடைகளில் கிடைக்கும். அதைச் சின்னக் குழந்தையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு போதும்: பருவப் பொருள்களுக்குப் பெரியது, பண்டிகைப் பொருள்களுக்குச் சிறியது. கதிர்களையும் சோளத்தையும் அட்டைப் பெட்டியில் வைத்தால் எலி வரும். சிறிய பெட்டி அக்டோபர் முதல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு பண்டிகை முடிந்த வார இறுதியில் அதன் பொருள்கள் உள்ளே போக, அடுத்ததன் பொருள்கள் வெளியே வரட்டும். ஜனவரி 6 வாக்கில் மரத்தையும் சாண்டாவையும் எடுத்துவிடுங்கள். பல ஊராட்சிகள் அந்த மாதத்தில்தான் பழைய மரங்களைச் சேகரிக்கின்றன. விளக்குகள், கம்பிக் கொக்கிகள் எல்லாவற்றையும் கழற்றிய மரத்தை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். பித்தளை, கூம்புகள், மஞ்சள் விளக்குச் சரங்கள் ஆகியவற்றைப் பொங்கல் வரை விட்டுவைத்து, பொங்கல் முடிந்த வார இறுதியில் பெரிய பெட்டியை மூடலாம்.