மகளுக்கு மட்டும் சாத்திய கதவு

கேள்வி: கிண்டியில் பி.இ., சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் ஆராய்ச்சி செய்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகப் பேராசிரியர். பதவி உயர்வுக்காக என் படிப்பு, கற்பிக்கும் கொள்கை, விருப்பங்கள் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். 'மெதுவாகப் படிக்கும் மாணவனுக்கு என் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்ற வரியைப் படித்ததும் மனைவி தாளை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அண்ணா நகர் டியூஷனிலிருந்து நான்தான் அழைத்து வருகிறேன். குடும்பத்துக்கு என்ன குறை வைத்தேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அழைத்து வருவதற்கு நம்பிக்கையான ஓர் ஆட்டோக்காரர் போதும் ஐயா. அந்த டியூஷனில் என்ன சொல்லித் தருகிறார்கள்? தொகை நுண்கணிதம். உங்கள் கை தினமும் எழுதும் பாடம். அதற்கு இன்னொருவருக்குப் பணம் கட்டிவிட்டு, வாசலில் வண்டியோடு காத்திருக்கிறீர்கள்.

'சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் கோபம் வருகிறது' என்பீர்கள். ஆசிரியர் வீட்டுத் தகப்பன்மார் எல்லோரும் எனக்கு எழுதுவது இதுதான். ஊரார் பிள்ளை ஐந்தாம் முறை கேட்டாலும் வராத கோபம், பெற்ற மகள் இரண்டாம் முறை கேட்டால் ஏன் வருகிறது? அது அவளுடைய குறையல்ல. பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது தகப்பனின் கடமை. அதைக் கட்டணம் கட்டிக் கைமாற்ற முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'மெதுவாகத்தான் ஏறும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சாம்பல் கலந்த கான்கிரீட்டும் மெதுவாகத்தான் இறுகும். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால், இதற்குப் பத்து நாளாவது விட வேண்டும். பொறுத்திருந்தால் பிறகும் பல வாரம் வலுக்கூடும். தொடக்கத்திலேயே காயவிட்டால், 28-ஆம் நாள், வலுவைச் சோதிக்க வார்த்து வைத்த கான்கிரீட் கட்டியான க்யூபை உடைத்துப் பார்த்து வருந்த வேண்டியதுதான். இதை ஆயிரம் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் ஒரு பெண் காய்ந்துகொண்டிருப்பது மனைவி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா தாளை வைத்துவிட்டுப் போனதில் தவறே இல்லை.

மார்ச்சில் பொதுத்தேர்வு. டியூஷனை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. அவளைத் தடுமாற வைக்காதீர்கள். நாளை இரவு வண்டியில் ஏறியதும், 'இன்று எந்தக் கணக்கு புரியவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். முதல் சில நாள் பதில் வராது, பொறுங்கள். சொன்ன அன்று, சாப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு கணக்கைப் போடுங்கள். பென்சில் அவள் கையில் இருக்கட்டும்.

அதுவரை அந்த அறைக்கதவு வரியை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.