கணவர் திரும்பிவரக் காத்திருக்கும் நாட்களில் விசுவாசத்தில் ஆழமாவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாய்வீட்டில் இருந்துகொண்டு, ஓராண்டாகப் பிரிந்திருக்கும் கணவருக்காக நோன்பிருந்து செபித்தும் அவர் வராததால் விசுவாசமே தளர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நோன்பைக் கணவரை வரவழைக்கும் நேர்ச்சையாக மட்டும் கொண்டால், அவர் வராத ஒவ்வொரு நாளும் இறைவன் மறுத்த நாளாகவே தோன்றும். அவருடைய மனச்சுதந்திரத்தை இறைவனும் பறிப்பதில்லை என்பதே என் புரிதல்.

விவிலியத்தின் 130ஆம் திருப்பாடலைத் தினமும் மெதுவாக வாசியுங்கள். விடியலுக்குக் காத்திருக்கும் காவலரைவிட மிகுதியாக ஆண்டவருக்காக நெஞ்சம் காத்திருப்பதாக அது சொல்கிறது. காத்திருப்பு அங்கே கணவருக்கானதன்று, ஆண்டவருக்கானது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கணவருடைய குறைகளை அல்லாமல் உங்களுடையவற்றை மட்டும் சொல்லிப் பாருங்கள், அது எளிதன்று. புதுவை ரயில் நிலையத்தருகே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில், எதையும் கேட்காமல் அரைமணி நேரம் அமர்ந்திருப்பதும் செபமே.

பிரிந்திருப்பவர் மறுமணமின்றித் தனித்திருக்கட்டும் அல்லது ஒப்புரவாகட்டும் என்று திருத்தூதர் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:11). ஆனால் அடி, உதை இருந்திருந்தால் அவ்வசனத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமையில்லை. கடுமையான ஆபத்து இருக்கையில் பிரிந்து வாழக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1153 இடமளிக்கிறது. அப்படி எதுவும் இல்லையெனில், பங்குத்தந்தை வழியாக இருவருக்கும் பொதுவான ஒருவரை நடுவில் வைத்துப் பேசத் தொடங்கலாம்.